கதிர்காமப் பாத யாத்திரையை மவுண்டன் பைக்கில் போகலாமா?

பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிட்டு நிதானமா வாசிங்க.

போன மாதக் கூட்டத்தில் நம்ம இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். இலங்கையில் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை அடியார்கள் நடந்து போகிற வழியில், மவுண்டன் பைக்கில் போகணும். கோயில் பேரில் பேனர் வேணும். அதில் "கதிர்காமப் பாத யாத்திரை" என்று போடணும். உடனே பெரியவர் ஒருத்தர் எழுந்து, "பாத யாத்திரைன்னா பாதம்தாண்டா, பெடல் இல்ல" என்றார். சபையே சிரிச்சது. பிள்ளைகள் முகம் வாடிப்போச்சு.

நான் அன்றைக்கு வாயைத் திறக்கல. ஏன்னா போன வருஷம் அதே வழியில் மவுண்டன் பைக்கில் போனவன் நான். "ஊருக்குப் போயிட்டு வரேன்" என்று மட்டும்தான் உங்களிடம் சொல்லிட்டுப் போனேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போ எழுதுறேன். ஆனா என் கதைக்கு முன்னால் அந்த வழியோட கதையைச் சொல்லணும். அது தெரியாமல் சைக்கிளா காலா என்று சண்டை போட்டுப் பிரயோசனமில்லை.

யாழ்ப்பாணம் வடமராட்சியில், தொண்டைமானாறு என்கிற கடலேரிக்கரையில் இருக்கு செல்வச்சந்நிதி முருகன் கோயில். அன்னதானக் கந்தன் என்று சொல்வார்கள். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். மட்டக்களப்புப் பக்கம் மண்டூரிலும் அப்படித்தான். இரண்டுக்குமே சின்னக் கதிர்காமம் என்று பேர், ஏன்னா கதிர்காமத்திலும் வாய் கட்டித்தான் பூசை. அங்கே நம் கண்ணுக்குத் தெரிவது மூலவர் சிலை இல்லை, முருகன் வள்ளி தெய்வானை படம் வரைந்த திரை. ஆடித் திருவிழாவில் யானை மேல் எழுந்தருளுவது பேழைக்குள் இருக்கிற யந்திரம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் அது. கண்டி ராச்சியத்தில் 19 வருஷம் கைதியாக இருந்து தப்பிப்போன ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681-ல் வெளியான தன் புத்தகத்தில் அந்தத் தெய்வத்துக்கு நாட்டு மக்கள் எப்படிப் பயந்து நடக்கிறார்கள் என்று எழுதியிருக்கார். சிங்களவர்கள் கதரகம தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். வள்ளி தங்கள் குலத்துப் பெண் என்று வேடர்கள் சொல்கிறார்கள். பக்கத்திலேயே பள்ளிவாசல் இருக்கு, அங்கேயும் கொடி ஏறுது.

வடக்கேயிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் கிழக்குக் கரையைப் பிடித்தே போவார்கள். முன்னால் வேல், பின்னால் சனம். உப்புநீரில் விளக்கெரிக்கிற முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலைக் கும்பிட்டுத் தெற்கே இறங்கினால் திருகோணமலைக் கோணேசர். பிறகு வெருகல், மாமாங்கேஸ்வரர், மண்டூர், திருக்கோவில், பொத்துவில். கடைசியில் கடலோரப் பாறையில் உகந்தை முருகன். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என்பது அந்த ஊர்க் கதை. உகந்தையோடு ஊர் முடிஞ்சது, அதற்கு அப்பால் காடு. முழு வழியும் நடந்தால் ஒன்றரை மாதம், சில கூட்டங்களுக்கு அதுக்கும் மேல்.

இந்த வழியை ஒரு ராசாவும் கல் பாவிப் போட்டுக் கொடுக்கல. கோயிலுக்குக் கோயில் ஒரு நாள் நடை, ஒவ்வொரு கோயிலிலும் ஊர்ச்சனம் சமைக்கிற ஒரு பானை சோறு, குடிக்க ஒரு கிணறு. வழி என்று இருந்தது இவ்வளவுதான். அடுப்பு எரிகிற ஊரை நோக்கித்தான் வழி திரும்பும்.

கொழும்பிலிருந்து போனவர்களின் வழி வேறு. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1924-ல் முருக வழிபாட்டைப் பற்றி எழுதிய கட்டுரையில் தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். பிள்ளைக்கு நோய். குணமானால் கதிர்காமத்துக்கு நடந்து வருகிறேன் என்று நேர்த்தி வைத்து, கொழும்பிலிருந்து நடந்தே போய் நடந்தே திரும்பினாராம் அந்த அம்மா. அந்தப் பிள்ளைதான் பிறகு சேர் பட்டம் வாங்கிய முத்துக்குமாரசுவாமி, ஆனந்த குமாரசுவாமியின் தகப்பனார். வண்டி கட்ட வசதியில்லாத குடும்பமா அது? இல்லை. நேர்த்தி நடைக்கு, அதனால் நடந்தார்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த யாத்திரை பெரிய தலைவலி. கூட்டம் கூடினால் காலரா என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தில் உண்மையும் இருந்தது, நம்ம ஆட்கள் வழியிலேயே விழுந்து செத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிக்கெட் எடுத்தவர்கள்தான் கதிர்காமம் போகலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். திருவிழாவுக்கு ஓர் அதிகாரி காட்டுக்குள் வந்து தங்கிக் கண்காணிப்பார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப் அப்படி வந்தவர்களில் ஒருவர். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் என்று பிற்பாடு பேர் வாங்கினவர். அந்தக் காட்டு ஊர்களை வைத்து 1913-ல் ஒரு நாவலே எழுதினார்.

டிக்கெட் நிறுத்தாத நடையைச் சக்கரம் முக்கால்வாசி நிறுத்தியது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மோட்டார் ரோடு திஸ்ஸமகாராமயோடு முடிஞ்சிடும், மிச்சத்துக்குக் காட்டு வழிதான். ரோடு கதிர்காமம் வரைக்கும் வந்ததும் பஸ் வந்தது. காலையில் ஏறினால் சாயங்காலம் கும்பிட்டுவிடலாம் என்றானபோது எத்தனை பேர் ஒன்றரை மாதம் நடப்பார்கள்? நம்ம பத்துமலைக்கும் வாசல் வரை ரயில் போகுது. ஆனாலும் தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து ரதத்தோடு நடக்கிற கூட்டம் நடந்துகிட்டுதான் இருக்கு. அது ஓர் இரவு நடை, 15 கிலோமீட்டர், வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். அங்கேயோ ஒன்றரை மாதம்.

அடுத்து 1983, அதன் பிறகு போர். வடக்கு வழி முறிஞ்சது. 1988-ல் பேட்ரிக் ஹாரிகன் என்ற அமெரிக்க அடியவர் கிழக்கு மாகாணத்து அடியார்களோடு சேர்ந்து நடையை மறுபடி தூக்கி நிறுத்தினார். 1970-களில் ஜெர்மன் சுவாமி என்று சனம் கூப்பிட்ட கௌரிபாலா சுவாமிகள் கூட்டத்தில் நடந்து பழகினவர் அவர். நம்ம வழியை ஓர் அமெரிக்கர் ஞாபகப்படுத்த வேண்டியிருந்ததா என்று எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனா அவரோடு நடந்த கிழக்கு மாகாணத்து ஏழைச் சனத்தையும் சேர்த்துத்தான் சொல்லணும். அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 2009-ல் போர் முடிஞ்ச பிறகு சந்நிதியிலிருந்தும் மறுபடி வேல் புறப்பட்டது.

இனி அந்தக் காடு. பிள்ளைகளே, இதுதான் உங்களுக்கு முக்கியம். 1938-ல் யால தேசிய வனப் பூங்கா ஆனது. உகந்தைப் பக்கம் இருக்கிற பகுதியும் பின்னால் பூங்காவானது, இப்போ அதற்குக் குமண என்று பேர். சாதாரண நாளில் பூங்காவுக்குள் நீங்கள் நடக்க முடியாது. ஜீப்பில்தான் போகணும், நினைத்த இடத்தில் இறங்கவும் கூடாது. ஆனா ஆடித் திருவிழாவை ஒட்டி ஏறக்குறைய இரண்டு வாரம் உகந்தைக் கதவைத் திறந்துவிடுவார்கள். அப்போ அடியார்கள் நடந்து போகலாம். வருஷம் முழுக்கச் சக்கரத்துக்கு மட்டும் திறக்கிற காடு, அந்த இரண்டு வாரம் பாதத்துக்குத் திறக்குது. குமுக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று நாலைந்து நாள் நடை. யானை, கரடி, சிறுத்தை எல்லாம் உள்ள காடு. அங்கே ரோடு போட்டிருந்தால் இந்த நடை எப்பவோ செத்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, என் கதை.

என் தாத்தா மலாயா ரயில்வேயில் கிளார்க். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிச்சிட்டுக் கப்பலேறி வந்து ரயில்வேயில் உட்கார்ந்த காலம் அது. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் கட்டிய கந்தசாமி கோயில் இன்றைக்கும் இருக்கு. ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவைச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோய்விட்டான். என் அப்பாச்சி கையில் மூணு பிள்ளை. மனுஷன் உயிரோடு திரும்பினால் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து வருகிறேன் என்று நேர்த்தி வைத்து, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 20 காசு வெள்ளி ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து சாமித் தட்டில் வைத்தார். 1945 கடைசியில் தாத்தா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். அப்பாச்சி நடக்கல. முதலில் காசு இல்லை, பிறகு பேரப்பிள்ளைகள், பிறகு 83. முடிச்சு மட்டும் சாமித் தட்டில் கிடந்தது. சாகிறதுக்கு முந்தின வாரம் என்னிடம்தான் கேட்டார்: "தம்பி, அந்தக் காசு அங்கயே கிடக்குது என்ன?"

எனக்கோ முழங்காலில் ஜவ்வு தேய்ஞ்சு போச்சு. நீண்ட தூரம் நடக்காதே, சைக்கிள் மிதி, அது மூட்டுக்குப் பாரமில்லை என்றார் டாக்டர். கிள்ளானில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணில் மிதிச்சுப் பழகின மவுண்டன் பைக் ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் பெட்டியில் போட்டு எடுத்துட்டுப் போனேன். முடிச்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிளைப் பார்த்து யாரும் சிரிக்கல. 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாமல் அந்த ஊரே சைக்கிளில்தான் வாழ்ந்தது. விறகு, நோயாளி, எல்லாம் கேரியரில்தான். 1995 அக்டோபர் கடைசியில் லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் ஊரைவிட்டுப் புறப்பட்டபோதும், கொட்டுகிற மழையில் சாமான் சட்டியைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டுதான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். 2022-ல் நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்றபோது மறுபடியும் சைக்கிள். சந்நிதி வாசலில் ஒரு பெரியவர் என் கியரைத் தடவிப் பார்த்துவிட்டு, "லுமாலா எண்டால் வழியில எந்தக் கடையிலயும் திருத்தலாம். இதுக்கு ஆரிட்டப் போவியள்?" என்றார். அவர் சொன்னது சரி. முல்லைத்தீவு தாண்டி உடைமுள் குத்திப் பஞ்சர் ஆனபோது நானேதான் ஒட்டினேன். மூன்று தடவை.

சோழகக் காற்று பக்கவாட்டில் தள்ளும். மணல் வந்தால் டயரில் காற்றைக் குறைக்கணும், தார் வந்தால் அடிக்கணும். அதெல்லாம் நேரில் வந்தால் காட்டித் தரேன். எனக்குக் கஷ்டமாக இருந்தது வேற. நடக்கிறவர்கள் எனக்கு மூணு வாரம் முன்னாலேயே சந்நிதியிலிருந்து கிளம்பிட்டாங்க. நான் ஐந்தாம் நாள் வெருகலில் அவர்களைப் பிடிச்சிட்டேன். முதலில் பெருமையாத்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தபோது, அவர்கள் பேசிக்கிட்டதில் பாதி எனக்கு விளங்கல. எந்த ஊரில் எந்த வீட்டு அம்மா கால் கழுவத் தண்ணீர் ஊத்தினார், எந்தக் கிணறு உப்பு, எங்கே மோர் கிடைச்சது என்று அவர்கள் கதைக்கிறார்கள். அந்த ஊர்களை எல்லாம் நான் பலகையில் பேர் வாசிச்சுக் கடந்திருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து திட்டத்தை மாத்தினேன். அவர்களுடைய ஒரு நாள் நடை எனக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான். விடியக்காலையில் மிதிச்சு அடுத்த கோயிலுக்குப் போய்விடுவேன். நம்ம வேலைதான் தெரியுமே, காய் நறுக்குறது, பாத்திரம் கழுவுறது, தண்ணீர் நிரப்புறது. ஊர்ச்சனத்தோடு நின்று அதைச் செய்வேன். மத்தியானம் வேல் வரும், "அரோகரா" சத்தம் தூரத்திலேயே கேட்கும். அங்கே எல்லாருக்கும் "சாமி" என்றுதான் பேர். என்னைச் "சைக்கிள் சாமி" என்றார்கள்.

ஒரு சின்ன விஷயம். ஆற்றையும் களப்பையும் கடக்க வாகனங்களை ஏற்றிப் போகிற மிதவைக்குக் கிழக்கிலங்கையில் "பாதை" என்று பேர். திருகோணமலை மட்டக்களப்புக் கரையோர ரோட்டில் ஒரு காலத்தில் இடத்துக்கு இடம் பாதையில் ஏறி இறங்கணும். 2009-ல் கிண்ணியாவில் ஏறக்குறைய 400 மீட்டர் பாலம் வந்தது, 2014-ல் மண்முனையில் வந்தது. நான் போனபோது குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதைதான். காடியில் வந்தவன், மாட்டோடு வந்தவன், நடந்து வந்த சாமிமார், சைக்கிளோடு நான், எல்லாரும் ஒரே பலகையில் நின்று கடந்தோம். முழு வழியிலும் அவர்கள் வேகத்திலேயே நானும் போன ஒரே இடம் அதுதான்.

அந்தப் பாதையில்தான் மட்டக்களப்பு ஆச்சி ஒருத்தர் என்னிடம் கேட்டார்: "என்ன மனே, முருகனப் பாக்க அவ்வளவு அவசரமா?" நான் முழங்காலைக் காட்டினேன், முடிச்சையும் காட்டினேன். ஆச்சி முடிச்சை வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதுக்கு மேல் ஒண்ணும் கேட்கல.

உகந்தையில் சைக்கிளை விட்டுட்டு, காட்டை மட்டுமாவது நடந்தே கடக்கணும் என்பதுதான் என் எண்ணம். ஆனா பாணமைக்கு அப்புறம் உகந்தை வரைக்கும் கிரவல் ரோடு, அதில் ஓர் இடத்தில் சறுக்கி விழுந்து அதே முழங்காலில் அடி. மறுநாள் காலையில் கால் மடங்கல. கதவு திறக்கிற அன்று பேர் பதியும் வரிசையில் நின்றேன். என் முறை வரும் முன்னே எனக்கே தெரிஞ்சு போச்சு. நடுக்காட்டில் நான் விழுந்தால் என்னைத் தூக்கப்போவது என்னைவிட இருபது வயது மூத்த சனம். வரிசையிலிருந்து விலகினேன்.

ஆச்சி முன்னால் நின்றுகொண்டிருந்தார். முடிச்சை அவரிடம் கொடுத்தேன். "இது காலால போகணும்னு வச்ச நேர்த்தி, ஆச்சி" என்றேன். அவர் அதைத் தன் முந்தானையில் முடிஞ்சுகொண்டு, "உங்கட அப்பாச்சிட பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

நான் காட்டைச் சுற்றிப் போனேன். பொத்துவிலுக்குத் திரும்பி, லாகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல. ஒரே கால் பலத்தில் இரண்டு நாள். புத்தலையிலிருந்து கதிர்காமம் போகிற ரோட்டில் யானைகள் வண்டியை மறித்துப் பழம் கேட்கும். சைக்கிளில் போகாதே என்று ஒரு லோரிக்காரர் என்னையும் பைக்கையும் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டார். ஆக, கதிர்காமத்துக்குள் நான் நடந்தும் வரல, மிதிச்சும் வரல. வாழைத்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

சாமி கும்பிடாமல் மூன்று நாள் மாணிக்க கங்கைக் கரையில் காத்திருந்தேன். நாலாம் நாள் காலையில் வேல் வந்தது. அவர்கள் கால்களைப் பார்க்கணும் நீங்க, வெடிச்சு, முள் கிழிச்சு, புழுதியில் வெள்ளை வெள்ளேர் என்று. ஆச்சி என்னைக் கண்டதும் முந்தானையை அவிழ்த்தார். தங்கின இடத்தில் எல்லாம் விளக்கேற்றும்போது அப்பாச்சி பேரைச் சொன்னதாகச் சொன்னார். "இந்தா மனே, நீயே போடு." ஆற்றில் முழுகிவிட்டு எல்லாரும் ஒன்றாகப் போனோம். திரைக்கு முன்னால் இருந்த உண்டியலில் போட்டேன். எண்பது வருஷத்துக் காசு, விழுந்த சத்தம்கூடக் கேட்கல, அவ்வளவு சனம்.

பிள்ளைகளே, போகலாம். உகந்தை வரைக்கும் மவுண்டன் பைக் தாராளமாகப் போகும். ஆனால் பேனரில் "சைக்கிள் பயணம்" என்று போடுங்க, "பாத யாத்திரை" என்று போடாதீங்க. ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்று கணக்கு எழுதாதீங்க. காலையில் மிதிச்சு, பகலில் கோயில் அடுப்படியில் நில்லுங்க. காட்டை நடந்து கடங்க, உங்களுக்கு முழங்கால் நல்லா இருக்கு. உகந்தையிலிருந்து பைக்குகளை லோரியில் கதிர்காமத்துக்கு அனுப்ப முன்கூட்டியே ஆள் பேசி வைக்கணும். கதவு திறக்கிற தேதியை அந்த அந்த வருஷம் அறிவிப்பார்கள், அதைப் பார்த்துத்தான் விமான டிக்கெட் எடுக்கணும்.

வெள்ளிக்கிழமை ராத்திரிப் பூசை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்தில் இருப்பேன், வரைபடத்தோட. அன்றைக்குச் சிரிச்ச பெரியவரும் வரணும் என்று கேட்டுக்கறேன். அவர் அம்மா 1950-களில் மலையகத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தவராம். கூட்டம் முடிஞ்சு செருப்புப் போடும்போதுதான் சொன்னார்.